மூன்றாவது தடி

வருசப் பிறப்புக்கு மறுநாள்.
கோண்டாவிலில் ஒரு மேல்தளம், கொங்கிறீற் போட்டு நாலு நாள்.
லீவென்று அதற்குத் தெரியாது, தண்ணீர் கேட்கும்.
ஊற்றப் போனோம் நானும் குகநேசனும்.

பன்னிரண்டு பத்து.
நட்டு வைத்த ஒரு மீற்றர்க் கம்பி
தன் நிழலைத் தானே விழுங்கிவிட்டு நின்றது.
என்னுடையது காலடியில்
அவிழ்ந்து விழுந்த சாரம்போல.

தெய்வேந்திரமுனையில் மாபிள் பதிக்கும் பியல்
இரண்டு நிமிடம் முந்தியே படம் அனுப்பியிருந்தான்.
அதே நீளக் கம்பி. தெற்கே, கடற்பக்கமாக,
ஆறரைச் சென்ரிமீற்றர் நிழல்.

"பாத்தியே, பூமி வளையுது" என்றேன்.
தூக்குக்குண்டின் நூலைச் சுற்றியபடி
"வளையத் தேவையில்லை" என்றான் குகநேசன்.
"தரை தட்டை. சூரியன் கிட்டத்தான்,
ஆறாயிரத்து நானூறு கிலோமீற்றர் உயரத்தில
ஒரு தெருவிளக்கு.
நேர் கீழ நிழலில்லை, தள்ளிப்போனா வரும்.
கணக்குப் பார்."

பார்த்தேன். ஆறரை.
வளைத்தும் பார்த்தேன். அதுவும் ஆறரை.
இரண்டுக்கும் நடுவே
அளவுநாடாவின் ஒரு கோடுகூட நுழையவில்லை.

பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை என்று
முழுசைச் சொல்லத்தான் சொல்வோம்.
அந்த முழுசு ஒரு வளைவைக் காட்டப் போதவில்லை.
பத்தடிச் சுவரில் ஒளிகிற கோணல்
நூறடியில் பிடிபடும், எந்த மேசனுக்கும் தெரியும்.
ஆனாலும் எனக்குக் கோபம்.
சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு
சாட்சி இல்லாமல் நிற்கிற கோபம்.

அவன் தங்கச்சி சுகந்தினி ஸ்காபரோவில்.
சீமெந்துப் பையைக் கிழித்தோம்.
அளக்க முன்னமே, தச்சுப் பென்சிலால்:
தட்டையென்றால் ஐம்பத்தொன்பது.
உருண்டையென்றால் அறுபத்தேழு.
கீழே விதி: அன்றைய நிழல்களில் ஆகக் குறுகியது.
பிறகு கதை மாற்றக் கூடாதென்று கையெழுத்து.
அவனுடையது என்னுடையதைவிட நேர்.

இரவு. அதே தளம், நனைந்த சாக்கு வாசம்.
அங்கே நண்பகல்.
முதல் செய்தி: எழுபத்தெட்டு.
"ரெண்டு பேருமே தோத்தம்" என்று சிரித்தான்.
தடி சாய்ந்திருக்கும்,
பதினொன்றைக் கழித்தால் என்ன என்று ஒருகணம் நினைத்தேன்.
கழிக்கவில்லை.
நல்லவன் என்பதால் இல்லை,
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

விதியை மறுபடி வாசித்தோம். ஆகக் குறுகியது.
அவள் மணிக்கூட்டுப் பன்னிரண்டுக்கு அளந்திருந்தாள்.
சூரியன் மணிக்கூடு கட்டுவதில்லை.
"இன்னும் கொஞ்சம் நில்" என்றோம்.
மீற்றருக்கு அறுத்த தும்புத்தடியை
நூலில் தொங்கிய சாவிக்கொத்துக்கு நிமிர்த்தி
குளிர்காற்றில் நின்றாள், எங்களைத் திட்டியபடி.
எழுபத்திரண்டு. அறுபத்தொன்பது.

காத்திருக்கிறவன் மேலே பார்க்காமல் என்ன செய்வான்.
மாதத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த சித்திரை வெள்ளி
உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.
அந்த வெளிச்சம் புறப்பட்டபோது
கோட்டையில் ஒல்லாந்தர் யானை விற்றுக்கொண்டிருந்தார்கள்.
காலடியில் ஓர் அரை இஞ்சிச் சல்லி.
அது பூமியென்றால்
சந்தியில் நிற்கும் இரண்டாயிரம் லீற்றர்த் தாங்கி சூரியன்,
நூற்றைம்பது மீற்றர் தள்ளி.
சித்திரையை வைக்க இலங்கையில் இடமில்லை,
நிலவைத் தாண்டி, அப்படி ஆறு நிலாத் தூரம் போகவேண்டும்.
சல்லியை உருட்டினேன்.
ஒரு பக்கம் தட்டையாகத்தான் இருந்தது.

அறுபத்தேழு.
அறுபத்தேழு.
பிறகு அறுபத்தெட்டு. நிழல் திரும்பிவிட்டது.

குகநேசன் பையை நெடுநேரம் பார்த்தான்.
ஐம்பத்தொன்பதின் மேல் கோடிழுத்தான்,
இலக்கம் மறையாதபடி ஒரே கோடு.
"தட்டையில்லை. அவ்வளவுதான் நான் சொல்லுவன்.
அதுசரி, சூரியன் நூற்றைம்பது மீற்றரில எண்டு
எந்தத் தடி உனக்குச் சொன்னது?"

எந்தத் தடியும் இல்லை.
யாரோ அளந்ததை எங்கோ வாசித்தேன்.

ஆவணியில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்.
பையைத் திருப்பினான்.
மறுபக்கம் சீமெந்துத் தூள்,
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.